புழுவுக்கும் நமக்கும் ஒரே ஒயரிங்

பூச்சி மருந்துக் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசராகச் சேரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது, நான் சாகக் கிடந்த கதையை. சாகவில்லை என்பது தெரிகிறது. சாகக் கிடக்கவும் இல்லை. அது எனக்குப் புரிவதற்குள் கழுகுமலை ரோட்டில் போனவர் வந்தவர் எல்லோருக்கும் என் கடைசி ஆசை தெரிந்துவிட்டது.

மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம். பெருமாள்சாமி அண்ணாச்சியின் கரிசல் காட்டில் எங்கள் மருந்துக்கு டெமோ. வரப்பில் விவசாயிகள் கூடியிருந்தார்கள். ட்ரெயினிங்கில் படித்ததை அவிழ்த்துவிட்டேன்.

"நரம்புக்குள்ள சேதி கரண்டா ஓடும். நரம்பு முடியுத இடத்துல ஒரு சின்ன இடைவெளி. அதைக் கரண்டு தாண்டாது. அங்கன ஒரு கெமிக்கல் கசிஞ்சு, அந்தப் பக்கம் போய்ச் சேதியைச் சொல்லும். சொல்லி முடிச்சதும் ஒரு என்சைம் அதைத் துடைச்சிரும். நம்ம மருந்து அந்த என்சைமை முடக்கிப் போடும். துடைக்க ஆளில்லை. சேதி நிக்காமப் போய்க்கிட்டே இருக்கும். புழு வெட்டி வெட்டி இழுத்தே சாகும்."

"அந்த என்சைம் நமக்கும் உண்டுமா சார்?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க என்ன புழுவா அண்ணாச்சி?" என்றேன். வரப்பு முழுக்கச் சிரிப்பு.

மருந்தடிக்க வந்த மாரியப்பன், பக்கத்தில் ஒரு வாளியில் முழங்கை வரை கையை விட்டு மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். குச்சி தேட அவருக்கு நேரமில்லை. எனக்கு அது இலவச விளம்பரம்.

"பாருங்க, வெறுங்கையால கலக்குதாவ. என்ன ஆயிட்டு?"

கம்பெனி கொடுத்த கையுறை என் பையில் உறை பிரிக்காமல் இருந்தது. அதை மாட்டிக் கலக்கினால் எவன் வாங்குவான் என்பது எங்கள் தொழில் ஞானம்.

மாரியப்பன் எட்டு டேங்க் அடித்தார். ஒன்பதாவது டேங்கில் காற்று திரும்பி, என் முகத்தில் லேசாகச் சாரல் பட்டது. வேர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது.

"அண்ணாச்சி, என் என்சைம் போச்சு" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி பைக்கை ஓட்ட, நடுவில் நான். விழுந்துவிடாமல் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாரியப்பன். கோவில்பட்டி வரும் வரை, என் பிள்ளைகளை யார் படிக்க வைக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்மணி விரிஞ்சிருக்கு. நீங்க சொல்லுத மாதிரி என்சைமை முடக்குத விஷம்னா சுருங்கணும். எச்சில் ஒழுகணும், உங்களுக்கு வாய் காஞ்சு கிடக்கு. இது பயம். மூஞ்சியக் கழுவிட்டு அங்கன உட்காருங்க."

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றேன். மனசுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்.

சுவரோரம் நின்ற மாரியப்பன், "சாரை நல்லாப் பாருங்கம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. வெயில்ல கண்ணு மங்குது, அம்புட்டுதான்" என்று துண்டால் வாயைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வடிந்தது. டார்ச் அந்தப் பக்கம் திரும்பியது. கண்மணி கடுகளவு. கன்னத்துச் சதை தானாகத் துள்ளியது.

அதன்பின் ஓட்டம்தான். சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, ஊசி மேல் ஊசி. "என்ன மருந்து?" என்று கேட்டார்கள். பெயர், சேர்மானம், அளவு எல்லாம் ஒப்பித்தேன். என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகப் பேசியது அன்றுதான்.

மேனேஜர் போனில் வந்தார். "ப்ராடக்ட் பேரைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார்."

"பொதுவா பூச்சி மருந்துன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"பொதுவா ஊசி போட்டா, பொதுவாத்தான் சார் பிழைப்பாரு."

போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் மாரியப்பனின் மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. மூன்றாம் நாள் கண் தெளிந்ததும் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "சாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல" என்றேன். ஜோக் ஒன்றும் வரவில்லை.

தம்பிகளே, மருந்து பட்டால் அலறுகிறவனுக்கு அலறத் தெம்பு இருக்கிறது. அவனையும் கூட்டிப் போங்கள், பின் சீட்டில். ஒன்றுமில்லை என்று நிற்கிறவரை முதலில் ஏற்றுங்கள். மேனேஜர் போன் வருமுன் பாட்டிலை டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.