விலக்கில் நின்ற அப்பா

அப்பாவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் குடையோடு நிற்கும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். "மூத்தவளுக்கு என்ன வந்துச்சு, போன்ல மேப் போட்டா வீட்டு வாசல்லயே கொண்டு விடுதே" என்று சிலர் சிரித்திருக்கவும் கூடும். சிரியுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பிறந்து வளர்ந்தது இந்தச் சுந்தரபாண்டியபுரத்தில்தான். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தங்கைகளைக் கரையேற்றுவதற்காக ராணுவத்தில் சேர்ந்தார்கள். முதல் விடுமுறையில் டிரங்குப் பெட்டியோடு மெயின் ரோட்டு விலக்கில் இறங்கியபோது, கூட்டிப் போக ஓர் ஆள் இல்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் தனியே நடந்தார்களாம். அதன் பிறகு, நம் வீட்டுக்கு வருகிற யாரையும் விலக்கில் நின்று அழைத்து வருவதை அப்பா நேர்த்திக்கடன் போலச் செய்தார்கள். எல்லோரும் கார் வாங்கிய பிறகும் விடவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மெதுவா போலே, அங்கன பள்ளம் கெடக்கு" என்று வீடு வரை வழி சொல்வார்கள். புது ரோடு போட்டுப் பள்ளமெல்லாம் மூடிய பிறகும் அதே பாட்டுதான். நாங்கள் கேலி செய்வோம்; அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்கள். வண்டியில் வந்துகொண்டிருப்பவர்களுக்கு மட்டும் போன் போடவே மாட்டார்கள்; ஓட்டுகிறவர் கவனம் சிதறுமாம்.

போன வருடக் குற்றால சீசனில் நானும் தம்பியும் குடும்பத்தோடு தூத்துக்குடியிலிருந்து ஒரே வேனில் கிளம்பினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். நெல்லை தாண்டியதும் நாலுவழிச் சாலை. நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டோம்.

"அக்கா, ஐந்தருவியில ஒரு குளியல் போட்டுட்டு வந்துருவோமா? அப்பா இப்பமே எங்க வந்து நிக்கப் போறாங்க?" என்றான் தம்பி.

"சரி, விடுலே வண்டிய" என்றேன் நான். ஊர் விலக்கைத் தாண்டித் தென்காசிப் பக்கம் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அருவியில் பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரவில்லை. அப்புறம் பஜ்ஜி, அப்புறம் பழக்கடை. பொழுது போனதே தெரியவில்லை. திரும்பி வந்தபோது சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. குடையையும் மீறிச் சாரலில் வேட்டி நனைந்து, அப்பா விலக்கில் நின்றார்கள்.

அப்பா ஏறி உட்காருவதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "ரோட்டுல ஒரே டிராபிக்குப்பா."

"ஆமாப்பா, பாலத்துக்கிட்ட நிப்பாட்டிட்டாங்க" என்று நானும் ஒத்து ஊதினேன். தென்காசிப் பக்கமிருந்து வந்துகொண்டே நெல்லை ரோட்டு டிராபிக்கைச் சொல்கிறோமே என்பதுகூட உறைக்கவில்லை. இவ்வளவு படித்து என்ன பிரயோசனம்!

அப்பா திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தார்கள். "எல்லாரும் தலய நல்லா தொவட்டுங்க. சளி பிடிச்சிரும்" என்றார்கள். அவ்வளவுதான். அன்று வீடு வரை பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அம்மா சாப்பாட்டைச் சுட வைத்துக் கொடுத்தபோதுதான், அப்பாவும் அதுவரை சாப்பிடவில்லை என்று தெரிந்தது.

அடுத்த மாதமே நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் அந்த நல்ல ரோட்டில் எங்கும் நிற்காமல்தான் போனது. அப்படியும் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை.

துக்கத்துக்கு வந்த விலக்கு டீக்கடை அண்ணாச்சி, பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னைக்கு உங்க வேன் தென்காசிக்குப் போவும்போதே அப்பா குடையத் தூக்கிக் காட்டுனாவல்லா, நீங்க கவனிக்கல. வீட்டுக்குப் போங்கன்னேன். 'பிள்ளைங்க குளிச்சிட்டு வருதாங்க. திரும்பி வரும்போது ஆள் இல்லன்னா நல்லாருக்காது'ன்னுட்டாவ."

கூனிக் குறுகிப் போனேன். நாங்கள் பொய் சொன்னது தெரிந்தும், எங்கள் தலை ஈரத்துக்குத்தான் கவலைப்பட்டிருக்கிறார்கள். அப்பாவை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டதாக இந்த மலரில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கூசுகிறது.

ஆம்புலன்ஸ் டிரைவருக்கும், பதினாறு நாளும் அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும், அன்று அப்பாவுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்த அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இனி நம் வீட்டுக்கு வருகிறவர்கள், அருவிக்குப் போவதானால் முதலில் போய் நிதானமாகக் குளித்துவிட்டே வாருங்கள். விலக்கில் நான் நிற்பேன்.