வெயில் காயப் போன தீவு

லண்டனில் வெயில் தபாலில் வருகிறது. ஜனவரி மாதம், வெளியே மழையும் பனியும் சேர்ந்து சேறாகக் கிடக்க, எங்கள் சாப்பாட்டு மேஜையில் பயணக் கம்பெனிகளின் வண்ணப் புத்தகங்கள் வந்து விழுகின்றன. பக்கத்துக்குப் பக்கம் நீலக் கடல். கரையில் ஆணும் பெண்ணும் முக்கால் உடம்பைத் திறந்து போட்டுக்கொண்டு கருவாடுபோல் காய்கிறார்கள். சித்திரையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது ஆட்டுக்குட்டிகளோடு நிழலுக்குப் போட்டிபோட்ட சங்கரன்கோவில்காரன் நான். வெயிலுக்குப் பணம் கட்டுகிறார்கள் என்பதை நம்பவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த வீட்டு மிஸஸ் ஹாரிஸிடம், கடற்கரைக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஒன்றுமே செய்யமாட்டேன்” என்றாள் பெருமையாக. ஏதோ நோய் என்று நினைத்து, சீக்கிரம் குணமாகட்டும் என்று ஆறுதல் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னைக் கண்டால் வேலியோரம் நிற்பதில்லை.

குற்றம் என் மேல் மட்டும் இல்லை. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மேஜைக்கு வந்த லீவு விண்ணப்பங்களில் எல்லாம் காரணம் இருந்தது. காதுகுத்து, திதி, மனைவியின் பிரசவம், மாமனாரின் பக்கவாதம். சும்மா படுத்திருக்க லீவு வேண்டும் என்று எவனும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் நானே அவனை டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். இப்போது என் மகன் நாராயணனே டாக்டர். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. அவனே கேட்டான்: “ஆகஸ்டுல ஒரு வாரம் நாமளும் போவோம்ப்பா. அம்மா வந்த நாள்லேர்ந்து இந்த நாலு சுவரத்தான பாத்துக்கிட்டிருக்கா?”

காப்ரி, மயோர்கா, மால்டா என்று மூன்று தீவுகளை முன்னால் வைத்தான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். காப்ரி இத்தாலிக்காரர்களுடையது, கொண்டுபோகும் பணத்துக்கு வரம்பு உண்டு, அதைப் பாஸ்போர்ட்டில் வேறு குறிக்கவேண்டும். மயோர்காவுக்கு ஸ்பெயின்காரன் விசா தரவேண்டும். எப்போது தருவான் என்பது அவனுக்கே தெரியாது. மால்டாவோ பிரிட்டிஷாரின் தீவு, பவுன் செல்லும், ஆபீசுகளில் இங்கிலீஷ் நடக்கும். தாசில்தாருக்குக் குறிப்பு சமர்ப்பிக்கும் குரலில், “மால்டாதான் சிலாக்கியம்” என்று முடித்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி கோமதி கரண்டியோடு வந்து நின்றாள்.

“மால்டாவா? அங்கனதான நம்ம சங்கரன் கெடக்கான்?”

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஊர்ச் சாமியின் பெயரை இரண்டாகப் பிட்டு, மூத்தவனுக்குச் சங்கரன் என்றும் இளையவனுக்கு நாராயணன் என்றும் வைத்தோம். மூத்தவன் யுத்தத்தின்போது சரக்குக் கப்பலில் வயர்லெஸ் வேலைக்குப் போனான். கப்பல் மூழ்கியது, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. எந்தக் கடல் என்று கேட்டு எழுதினேன். பம்பாய்க்கு, டெல்லிக்கு, கடைசியில் இந்த லண்டனுக்கே எழுதினேன். யுத்த காலம், இடம் சொல்வதற்கில்லை என்ற ஒரே பதில். மேலே எழுத இடமில்லாததால் நிறுத்திக்கொண்டேன். அதாவது, என் பிள்ளை எங்கே செத்தான் என்பது யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தேன்.

“ஏட்டி, ஒனக்கு யாரு சொன்னா?”

“அவன்கூடக் கப்பல்ல இருந்து தப்பிச்சு வந்த ஒரு சிவகிரிக்காரன், அவந்தான். நம்ம வீடு தேடி வந்தான், நீங்க ஆபீசுக்குப் போயிருந்திய. மால்டாவுக்குத்தான் சாமான் கொண்டு போனாவளாம். ‘கரை கண்ணுக்குத் தெரிஞ்சுது அத்தே, அதுக்குள்ள போயிட்டான்’னு அழுதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அன்னைக்கே பேனாவ எடுப்பிய. இன்னார் சொன்னாருன்னு பேரு, ஊரு, அப்பன் பேரு எல்லாம் போட்டு மனு எழுதுவிய. வெளிய மூச்சுவிடக் கூடாதுன்னு அவனுக்கு உத்தரவு. எம்புள்ளதான் போயிட்டான், இன்னொருத்தி புள்ள செயிலுக்குப் போகணுமாக்கும்?”

அவள் சொன்னது அவ்வளவும் சரி. அப்பன் பெயரை நான் விட்டிருக்கமாட்டேன். தந்தி வந்த வருஷத்து ஆடித்தபசுத் திருவிழா நினைவுக்கு வந்தது. சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் மிளகாய் வத்தலும் அம்மன் சப்பரத்தின் மேல் வீச, இவள் மட்டும் கை நிறையக் கல்லுப்பை அள்ளி வீசினாள். விளைந்ததைத்தான் போடவேண்டும், முறை தெரியாதா என்று அத்தனை கூட்டத்தில் அவளை அதட்டினேன். அவள் விளைச்சல் கடலோடு போயிருந்தது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

நாராயணன் புத்தகங்களை அவசரமாக மூடினான். “வேண்டாம்மா, வேற எங்கயாவது போவோம்.”

“ஏலே, அந்த மூணு தீவும் ஒரே தண்ணிதான? நான் அங்கனயே வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கருகுகிற கத்திரிக்காயைப் பார்க்கப் போய்விட்டாள்.

போனோம். ஆகஸ்டில் மால்டா நம் ஊர் அக்கினி நட்சத்திரம்போலக் கொதித்தது. பாறையெங்கும் வெள்ளைக்காரர்கள் படுத்துக் கிடந்தார்கள். முழுக்கைச் சட்டையும் குடையுமாக நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். கோமதி சேலையோடு கடலில் முழங்கால் அளவுக்கு இறங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சங்கரன்கோவில் புற்றுமண். எந்த நோவுக்கும் அதைக் கரைத்துப் பூசுவதுதான் எங்கள் ஊரில் முதல் வைத்தியம். ஊரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியபோது பெட்டியில் அதைத்தான் முதலில் வைத்துக் கொண்டுவந்தாள். குனிந்து, கையைத் தண்ணீருக்குள் வைத்து, மெல்ல விரித்தாள். “தண்ணீர் அருமையாக இருக்கிறது, இல்லையா?” என்று பக்கத்தில் படுத்திருந்த அம்மாள் என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். கோமதி கரையேறி வந்து, ஈரக் கையில் ஒட்டியிருந்த மிச்ச மண்ணை நாராயணனின் நெற்றியில் இழுத்துப் பூசினாள். பாதி மண் கடலில் கலங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பாதி என் இளைய மகனின் நெற்றியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.