பதினோரு வரியிலும் ஒரே சொல்

நான் எட்டாவது ஃபெயில். ஓசூரில் என் லேத் பட்டறையில் இன்று பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அதில் மூன்று பேர் டிப்ளமோ. ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்தால், அளவு எங்கே தப்பு என்று அந்த மூவருக்கும் முன்னால் நான் சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் ஒரு சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு உடம்பு எரியும். ஹெல்பர். உத்தனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்து நான் சேர்ந்த முதல் கம்பெனியில் ஒன்பது வருஷம் லேத் ஓட்டினேன். ஒன்பது வருஷமும் என் கம்பெனி அட்டையில் ஹெல்பர் என்றே இருந்தது. ஆபரேட்டர் என்று பெயர் போட்டிருந்த ஆள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். கம்பெனி மூடியதும் இன்னொரு இடத்தில் போய் நின்றேன். அட்டையைப் பார்த்தவன், “ஹெல்பருக்கு யாரும் மெஷின் குடுக்கமாட்டாங்க, பெருக்கற வேல இருக்குது, செய்யறியா?” என்றான். அந்தக் கோபத்தில் வைத்ததுதான் என் பட்டறை.

போன வருஷம் அந்தச் சொல் வேறு சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே வந்தது.

என் மகள் மருந்தியல் படித்தவள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில், புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிப் பிரிவில் ஆறு வருஷமாக வேலை. தினமும் பஸ் பிடித்து, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று நின்று போய்வந்தாள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதே நேரம் ஓசூர்ப் பக்கமே ஒரு மருந்துக் கம்பெனியில், பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இது தவறினால் அவள் படிப்பு பீரோவுக்குள் போய்விடும்.

அந்தக் கம்பெனியின் பேக்கிங் மெஷினுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பது நான்தான். என்னைத் தெரியாதவன் அங்கே உண்டா? புதன்கிழமை, அவள் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த ரெஸ்யூமை அவளிடம் கேட்காமலே தூக்கிக்கொண்டு போனேன். ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த பையன் பக்கத்தைப் புரட்டினான்.

“அண்ணா, ஏழு பக்கம் இருக்குது. பாதி, காலேஜ்ல எழுதுன கட்டுரைப் பட்டியல். மீதி, டாக்டருக்கு ஒத்தாச பண்ணேன், ஒத்தாச பண்ணேன்னு இருக்குது. கம்பெனி அனுபவமும் இல்ல. எங்களுக்கு இவங்க ஃப்ரெஷர்தாண்ணா.”

“ஆறு வருஷம் வேல செஞ்சவ எப்பிடிய்யா ஃப்ரெஷர்?”

“பேப்பர்ல அப்பிடித்தானே இருக்குது?”

வெளியே வந்து வண்டி மேலேயே அந்தத் தாளை விரித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தால் என் கண் விடாது. வரிக்கு வரி முதல் சொல் ஒரே சொல். எண்ணினேன். பதினொன்று.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். “இந்த அசிஸ்டட்னா என்னாம்மா?”

“மொதல்ல நீ சொல்லு. யாரக் கேட்டு எடுத்துகினு போன?” அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். “வேலைக்குப் போறது நானா, நீயா?”

“ஃப்ரெஷர்ங்கறான் உன்ன!”

அவள் முகம் வெளுத்துப்போனது. தாளை என் கையிலிருந்து பிடுங்கினாள். பிறகு, “டாக்டர்தாம்பா எல்லாத்துலயும் கையெழுத்து. நான் செஞ்சேன்னு எழுதுனா பொய்யாயிரும்” என்றாள்.

“கால் வீங்குன அந்தக் கன்னடக்காரம்மாவ யாரு கண்டுபிடிச்சது?”

அது அவளே சொன்ன கதை. அந்தம்மா வேறு விஷயத்துக்கு வந்தவர். செருப்பு மாட்டச் சிரமப்படுவதைப் பார்த்துக் கன்னடத்தில் விசாரித்தவள் என் மகள். புது மருந்தில் வந்த வீக்கமோ என்று சந்தேகப்பட்டு, ஊரில் இல்லாத டாக்டரைப் போனில் பிடித்து, அன்றைக்கே அறிக்கை எழுதியதும் அவள்தான். டாக்டர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

“நான்தான்” என்றாள்.

“அப்ப அத எழுது. அவரு போட்ட கையெழுத்த அவருக்கே உட்டுரு. எவனோ ஒருத்தன் உன் அட்டையில ஹெல்பர்னு எழுதியிருந்தா அவன் கைய ஒடிப்பேன். நீயே எழுதிக்கினா நான் யாரப் போயி அடிக்கறது?”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மதியம் வெளியே வந்தபோது ஏழு பக்கம் இரண்டாகியிருந்தது. கட்டுரைப் பட்டியல் போய்விட்டது. பேசினேன், கண்டுபிடித்தேன், எழுதினேன் என்று வரிகள் ஆரம்பித்தன. நிஜமாக ஒத்தாசை செய்த ஒரே இடத்தில் மட்டும் அந்தச் சொல்லை வைத்திருந்தாள். அதை எடுக்கச் சொன்னேன். “அது உண்மைப்பா” என்று அனுப்பிவிட்டாள்.

நேர்முகத்தில் முக்கால்வாசி நேரம் அந்த வீங்கிய காலைப் பற்றியே கேட்டார்களாம். வேலை கிடைத்தது.

சேதி வந்த சாயங்காலம் பட்டறை எதிரில் டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் கன்னடத்தில், “மகளிகெ கெலசா சிக்தாண்ணா?” என்றார். மகளுக்கு வேலை கிடைத்ததா என்கிறார். விடுவேனா?

“நான் கால் வெச்ச எடத்துல கிடைக்காம போவுமா? அந்தக் கம்பெனியில நேராப் போயி உக்காந்தேன். ரெஸ்யூமையே மாத்தி எழுத வெச்சேன். நான்தான்யா வாங்கிக் குடுத்தேன்.”

பின்னால் ஸ்கூட்டர் சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை.

“அப்ப நான் யாருப்பா?” என் மகளின் குரல். “ஹெல்பரா?”

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம். யார் மேல் என்று தேடினேன். ஸ்டூலில் வெற்றிலை மென்ற அந்த ஆளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரும் வீட்டில் ‘எல்லாம் நான்தான் செஞ்சேன்’ என்று இப்படித்தானே சொல்லியிருப்பார், ஒன்பது வருஷமும்?

“என்னாய்யா சிரிப்பு?” என்று அவர்களிடம் கத்தினேன். “நான் ஒண்ணும் பண்ணல. அந்த ஏழு பக்கத்தக் கொண்டுபோயிக் குடுத்து, எம்பொண்ணுக்கு ஃப்ரெஷர்னு பேரு வாங்கிக் குடுத்தேன். மீதியெல்லாம் அவ. போதுமா?”

“இன்னொரு தடவ சொல்லுப்பா” என்றாள். “டீக்கடைக்காரண்ணனுக்குச் சரியாக் காதுல வுழல.”