காத்தமுத்து வாசித்த பேச்சு

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை பெக்டரியில், ரோலர் இயந்திரத்தோடு முப்பத்தொரு வருடம் மல்லுக்கட்டியவர் காத்தமுத்து. கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் அந்த இரும்பு, போகப்போக அவருடைய இரண்டு காதுகளையும் தின்று தீர்த்தது. காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு தந்தார்கள். அதற்கு மேல் எதுவும் தர நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த அன்று கழுத்தில் மாலை போட்டு, யாரோ எழுந்து அவரைப் பாராட்டிப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி. சுற்றி எல்லோரும் பேசுவார்கள், சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரிப்பார். நாலு வருடமாக அந்த மனுசன் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தன் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

மகள் ஷாமிளா கணினி டிப்ளோமா படிக்கிறாள். படிப்பு முடிய ஆளுக்கொரு நிரல் எழுதிக் காட்ட வேண்டும். அவள் அப்பாவுக்காகப் பைத்தனில் ஒன்று எழுதினாள். மைக், பேச்சைப் பத்துப் பத்து நொடியாகப் பதியும். பதிந்தது இணையத்துக்குப் போய், தமிழ் எழுத்தாகத் திரும்பி வந்து திரையில் விழும். ஒரு ஞாயிறு காலையில் லெப்டொப்பை அப்பாவின் முன்னால் ஸ்டூலில் வைத்து, சிக்னலுக்காகப் போனை ஜன்னலில் சாய்த்துவிட்டு, குனிந்து ஏதோ சொன்னாள். கொஞ்சம் பொறுத்து எழுத்து வந்தது.

"அப்பா சாப்பிட்டீங்களா"

காத்தமுத்து அதை இரண்டு முறை வாசித்தார். "சாப்பிட்டேன் தாயி!" என்று லயமே கேட்கும்படி சொன்னார்.

நிரலை ஓடவிட்டே ஷாமிளா, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் குளிக்கப் போனாள். மனைவி வெள்ளையம்மாவும், இரத்தினபுரியில் கடை வேலை பார்க்கும் மகன் தனுஷனும் வந்து உட்கார்ந்தார்கள். லெப்டொப்பை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. அது ஷாமிளாவின் படிப்புச் சாமான். அவர் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசும் வழக்கமும் அந்த வீட்டில் எப்போதோ போய்விட்டது. இருவர் வாயும் அசைந்து ஓய்ந்தன. எழுத்து பின்னால் வந்தது.

"இரத்தினபுரி வீட்டுல ரெண்டு ரூம்தான்மா அப்பாவுக்கு எடமில்ல"

"சித்தப்பா வீட்டுல விட்டுட்டு நாம மூனு பேரும் போயிருவோம்"

"அவருக்கு என்னா காது கேக்காத மனுசன் எங்க கெடந்தாலும் ஒன்னுதான்"

மகனின் பேச்சு முதல் இரண்டும். மூன்றாவது யாருடையதென்று அவருக்குச் சொல்லவா வேண்டும்? அது திரையில் விழுந்த நேரத்தில், வெள்ளையம்மா சிரித்த முகத்தோடு அவரிடம் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அதைவிடக் கேவலம், பழக்கதோஷத்தில் திரும்பச் சிரித்தும் தொலைத்தார்.

ஷாமிளா ஈரத் தலையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதறினாள், வெட்கப்பட்டாள். ஆச்சரியம் மட்டும் படவில்லை. அவளுக்கு முன்பே தெரியும். பிள்ளை அவருக்கு எதையும் மறைக்கமாட்டாள் என்றுதான் அந்தப் பைத்தியக்கார மனுசன் இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

"எப்ப போறீங்க?" என்று கேட்டார்.

ஷாமிளா அம்மாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. காத்தமுத்து அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, திரையைப் பார்த்துக் காத்திருந்தார்.

"அடுத்த மாசம் பதினாலாந் தேதி அப்பா"