சாட் அண்ணன் போனில் பேசிய நாள்

எங்கள் ஹெல்ப்டெஸ்க்கில் அவருக்கும் ஒரு பெயர் உண்டு. அட்டையில் அச்சாகிக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் சாட் அண்ணன். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் கம்பெனி ஆட்கள் இரண்டு வழியில் எங்களிடம் வருவார்கள். ஒன்று போன். இன்னொன்று, திரையில் எழுதியே பேசிக்கொள்ளும் சாட். மற்றவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்போம். அண்ணனுக்குச் சாட் மட்டும்தான், ஏனென்றால் அவருக்குப் பேச்சு திக்கும்.

எல்லா வார்த்தையும் திக்காது. சில எழுத்துகள்தான் அவரிடம் வம்பு செய்யும். "ப" வில் தொடங்கும் சொல் உதட்டு வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். அதனால் அவர் போன் என்று சொல்ல மாட்டார், மொபைல் என்பார். பஸ் என்று சொல்ல மாட்டார், வண்டி என்பார். அடுத்து எந்தச் சொல் காலை வாரும் என்று முன்கூட்டியே பார்த்து வேறு சொல்லுக்குத் தாவுவதில் அவர் கெட்டிக்காரர். சொந்தப் பெயரை மட்டும் அப்படி மாற்றிச் சொல்ல முடியாது. அது "ப" வில்தான் தொடங்குகிறது. போனை எடுத்தால் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பிரிவின் சட்டம். இதையெல்லாம் பார்த்துத்தான் எங்கள் மேற்பார்வையாளர், அண்ணனின் நல்லதுக்கே என்று, அவரைப் போன் பக்கமே விடவில்லை. அண்ணனும் நல்லவேளை என்று இருந்துவிட்டார்.

சின்ன வயதில் அவருக்காக அக்காதான் பேசுவாராம். கடையில் என்ன வேண்டும், வகுப்பில் ஏன் தாமதம், எல்லாவற்றுக்கும் தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிடுவார். பாசம்தான். ஆனால் அக்கா கல்யாணமாகிப் போன பிறகு, ஒரு சோப்பு வாங்கக்கூட எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடை வாசலில் நின்றதை அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார். மனைவியைப் பார்த்தது ஒரு பல் மருத்துவமனையில். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெயர் கேட்டார். இவரால் சொல்ல முடியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் பேனாவைப் பிடித்தபடி, வெளியே மழை வருமா என்று பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாராம். அதன் பிறகு இவருக்கு அடிக்கடி பல் வலி வந்தது. "உள்ளே எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கிடப்பார்கள், ஒருவருக்கும் வார்த்தை வராது, எனக்கு ஏற்ற இடம் அதுதான்" என்பார். அந்தப் பெண்தான் இப்போது வீட்டில் இருக்கிறார்.

எங்கள் கம்பெனி லிஃப்ட் பொருத்திப் பழுதுபார்க்கும் கம்பெனி. எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது கட்டுப்பாட்டு அறை. அதன் தலைமையில் இருப்பவரை எல்லோரும் கண்ட்ரோல் அம்மா என்பார்கள். அவர் குரல் வாசல்வரை கேட்கும். மெக்கானிக்குகளுக்குச் சிம்ம சொப்பனம். எதிராளி பாதி வாக்கியம் பேசும்போதே மீதியைத் தானே பேசி, அதற்குப் பதிலும் சொல்லி முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். லிஃப்ட் கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்துவிட்டுப் படியில் விழுந்தாரே என்று மெக்கானிக்குகள் ஒரு வாரம் சிரித்தார்கள், அவர் காதில் விழாமல். கால் மாவுக்கட்டில் இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று அலுவலக அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப் ஒன்றை அனுப்பி வைத்தார்கள்.

வீட்டிலிருந்து அலுவலகத்தின் உள் பக்கங்களைப் பார்க்க வேண்டுமானால் வி.பி.என். போட வேண்டும். வெளியார் நுழைய முடியாத தனிப்பாதை அது. அம்மா அதைப் போட்டார். அன்றைய வேலைப் பட்டியல் அழகாகத் திறந்தது. ஆனால் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்க்க இணையத்தில் வரைபடத்தைத் திறந்தால் வெள்ளைத் திரைதான் வந்தது. வி.பி.என்.னை எடுத்தால் வரைபடம் வந்தது, பட்டியல் போனது. ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை. அவர் பட்டியலைத் திறந்து முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, இணைப்பை எடுத்து வரைபடத்தைப் பார்த்து, மெக்கானிக்குக்குச் சொல்லி, மறுபடி இணைத்து என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கை வேர்த்து ஒரு எண் அழிந்துபோனதில் இரண்டு மெக்கானிக்குகள் கருவிப் பையோடு ஒரு பூட்டிய கிடங்கின் முன்னால் போய் நின்றார்கள். அவர்கள் போக வேண்டியது ஒரு முதியோர் இல்லத்துக்கு. அங்கே லிஃப்ட் நின்று, மேல்மாடிக்காரர்கள் சாப்பிட இறங்க முடியாமல் இருந்தார்கள்.

அன்று பார்த்துக் கம்பெனி முழுக்கப் பாஸ்வேர்டு மாற்றும் நாள். எங்கள் போன்கள் ஓயவே இல்லை. அம்மா போனில் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய்ச் சாட்டுக்கு வந்தார். சாட்டும் இணையம் வழியாகத்தான் வரும். "வி.பி.என். போட்டுப் பாருங்கள்" என்று எங்கள் ஆள் எழுதுவார். அம்மா போடுவார். உடனே சாட் அறுந்துவிடும். எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் வரிசையின் கடைசியில் நிற்பார். புதிதாக ஒருவர், "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். இப்படி இரண்டு பேரைத் தாண்டி அம்மா அண்ணனிடம் வந்து சேர்ந்தபோது, வணக்கம் என்று யாராவது சொன்னால் லேப்டாப்பை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடுவேன் என்றுதான் முதல் வரியே எழுதினார்.

அண்ணன் வணக்கம் சொல்லவில்லை. அறுந்துபோன பழைய சாட்களை எல்லாம் எடுத்துப் படித்தார். உள் பட்டியல் திறக்கிறது, வெளியே எதுவும் திறக்கவில்லை என்றதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அதைச் சோதிக்க வி.பி.என். போட்டபடி இருக்க வேண்டும். போட்டால் சாட் போய்விடும். போனில் பேசிக்கொண்டேதான் இதைச் செய்ய முடியும். மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒவ்வொரு காதிலும் ஒரு போனை வைத்திருந்தார். எங்களில் யாருக்காவது தள்ளிவிடலாம் என்றால் நாங்கள் ஒவ்வொருவரும் கழுத்தளவு வேலையில் இருந்தோம்.

நான் அடுத்த இருக்கை. அண்ணன் தண்ணீர் பாட்டிலையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு காலியாக இருந்த கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதைப் பார்த்தேன். அங்கே நடந்ததை அவரே பிறகு சொன்னார்.

எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் அம்மா எடுத்து ஹலோ என்றார். அண்ணன் பெயரைச் சொல்லப் போனார். உதடு ஒட்டிக்கொண்டது. யாரு, யாரு என்று கேட்டுப் பார்த்த அம்மா, வேலை இல்லாதவன் யாரோ விளையாடுகிறான் என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். எழுந்து வந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சாட்டைத் திறந்து, இத்தனை வருஷத்தில் முன்பின் தெரியாத யாருக்கும் எழுதாத ஒன்றை எழுதினார். இப்போது கூப்பிட்டது நான்தான். எனக்குப் பேச்சு திக்கும். சத்தம் வராவிட்டாலும் வைத்துவிடாதீர்கள், நான் லைனில் இருப்பேன். அம்மாவிடமிருந்து ஒரே வரி வந்தது: "சரி, கூப்பிடுங்க."

இந்த முறை அம்மா வைக்கவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? அண்ணன், வீட்டு இணையப் பெட்டியான ரௌட்டரை அணைத்துவிடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். "ரௌ... ரௌட்டரை..." என்றதுமே அந்தப் பக்கம் டக்கென்று சத்தம் கேட்டது.

"அணைச்சுட்டேன் தம்பி. அடுத்து?"

"அ... அணைக்காதீங்கன்னு சொல்ல வந்தேன் மேடம்."

அதைத் திரும்பப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா சொன்னார், "தப்பு என் மேல. என் வாய் அப்படித்தான், முந்திக்கிட்டுப் போயிடும். இனிமே நீங்க முடிச்சுட்டேன்னு சொல்ற வரைக்கும் நான் திறக்கவே மாட்டேன்."

ரௌட்டர் மறுபடி உயிர் பெற்று விளக்குகள் எரிய நேரம் எடுத்தது. அதுவரை இருவருக்கும் செய்ய ஒன்றுமில்லை. அம்மா தன் வேலையைப் பற்றிச் சொன்னார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களின் அழைப்பு நேராக அவர் மேசைக்குத்தான் வருமாம்.

"பயத்துல பாதிப் பேருக்குப் பேச்சே வராது தம்பி. நான் வைக்க மாட்டேன். மூச்சு சத்தம் கேக்குதுல்ல, ஆள் இருக்காங்கன்னு தெரியுதுல்ல, அது போதும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிற வரைக்கும் அப்படியே இருப்பேன். உங்களையும் அப்படி நெனச்சுக்கிறேன். நிதானமா பேசுங்க."

"நான் மாட்டிக்கல மேடம்," என்றார் அண்ணன். "வார்த்தைதான் மாட்டிக்கிச்சு."

ஓர் எழுத்துகூடத் திக்காமல் வந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டுக் கால் மேசையில் இடித்து, அம்மாடி என்று அலறினார். அதற்கும் சேர்த்து இருவரும் சிரித்தார்கள். அண்ணனுக்குத் தோள் இரண்டும் காதருகிலிருந்து கீழே இறங்கியது அப்போதுதானாம்.

விளக்குகள் எரிந்ததும் வேலை ஆரம்பமானது. அம்மா சொன்ன சொல் தவறவில்லை. அண்ணன் நிற்கிற இடத்தில் எல்லாம் அவரும் நின்றார். அண்ணன் வி.பி.என்.னைப் போடச் சொன்னார். வரைபடத் தளத்தின் பெயருக்குப் பதிலாக அதற்குரிய எண் முகவரியைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அதுவும் திறக்கவில்லை. ஆக, பெயரைத் தேடிப்பிடிக்க முடியாத கோளாறு இல்லை, வெளியே போக வழியே இல்லை என்று தெரிந்தது. அதுதான் அவர் சந்தேகப்பட்டதும்.

"இப்ப உங்க லேப்டாப் எல்லாத்தையும் ஆபீஸ் வழியாவே அனுப்புது மேடம். ஆபீஸுக்குள்ள வர வேண்டியது சரியா வந்துடுது. வெளிய அனுப்ப வேண்டியதும் உள்ள வந்து நிக்குது. அங்க இருந்து வெளிய விட மாட்டாங்க. முடிச்சுட்டேன்."

"அப்ப பட்டியல் மட்டும் ஆபீஸ் வழியா போகட்டும், மத்ததெல்லாம் வீட்டு வழியா போகட்டும். அப்படிப் பண்ண முடியாதா?"

முடியும். இணைப்பின் அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் இருக்கும். எல்லாப் போக்குவரத்தும் அலுவலகம் வழியாகவே என்று அதற்குப் பொருள். புதிய லேப்டாப்களில் எடுத்துவிட்டார்கள். அலமாரியில் தூங்கிய இந்தப் பழசில் மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். தன்னிஷ்டத்துக்கு அதில் கை வைக்கக் கூடாது என்பதால், போன் செய்வதற்கு முன்பே நெட்வொர்க் பிரிவில் கேட்டு அண்ணன் அனுமதி வாங்கி வைத்திருந்தார். எந்த ஜன்னல், எந்தப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் "ப்ராப்பர்ட்டீஸ்" என்ற பொத்தான் வந்தது, அதையும் மாற்றிச் சொல்ல முடியாது. அதைத் தாண்ட ஒரு யுகம் ஆனது. அம்மா அசையவில்லை. அண்ணனுக்கு அவர் மூச்சு மட்டும் கேட்டது.

டிக்கை எடுத்து, இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டார்கள். ஒரு பக்கம் பட்டியல், இன்னொரு பக்கம் தெருக்களோடு வரைபடம். அண்ணனின் லேப்டாப்பில் அறுந்த சாட் தானாக உயிர் பெற்று, "வந்துருச்சு தம்பி வந்துருச்சு" என்று ஓடியது. போனிலேயே சொல்லியிருக்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை போலும். அடுத்த நொடி அண்ணன் லைனில் இருப்பதையே மறந்து, வேறு போனில் கிடங்கு முன்னால் நிற்கும் மெக்கானிக்குகளை வறுத்தெடுத்து முதியோர் இல்லத்துக்கு விரட்ட ஆரம்பித்தார். அண்ணன் அதையும் கொஞ்ச நேரம் ரசித்துக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

கூட்ட அறையிலிருந்து வெளியே வந்தவரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்து அடுத்த சாட்டை எடுத்தார். சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அவர் மனைவி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாராம். முதல் தடவை வைத்துவிட்டார்களே, அப்போது என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டாராம். திரும்பவும் கூப்பிட்டேன் என்றாராம் இவர். சரி, சாப்பிட வாருங்கள் என்றாராம்.

அடுத்த வாரம் கண்ட்ரோல் அம்மாவுக்குப் பிரிண்டர் தகராறு. போன் செய்து, போன தடவை பேசிய தம்பியைக் கொடுங்கள் என்றார். அவர் போன் எடுப்பதில்லை, சாட் மட்டும்தான் என்று மேற்பார்வையாளர் சொல்லிப் பார்த்தார். என்னிடம் எடுத்தாரே என்றார் அம்மா. மேற்பார்வையாளர் போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையை நீட்டினார்.

அப்படித்தான் தொடங்கியது. இப்போது காலை வேளைகளில் அவரும் போன் எடுக்கிறார். திக்கல் போய்விடவில்லை, போகப் போவதுமில்லை. அவசரக்காரர்கள் சிலர் வைத்துவிடுகிறார்கள். சிலர் வாக்கியத்தை அவருக்காக முடித்து வைக்கிறார்கள், அதுவும் தப்பாக. எடுத்தவுடன் பெயர் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை மேற்பார்வையாளர் சத்தமில்லாமல் எல்லோருக்குமே எடுத்துவிட்டார். பிரிவின் பெயரைச் சொன்னால் போதும்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அம்மா லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க ஊன்றுகோலோடு எங்கள் மாடிக்கு வந்தார். அந்தக் குரலுக்கு ஒரு ஆறடி உருவத்தை எதிர்பார்த்திருந்த அண்ணன், தன் தோளுக்குக் கீழே நின்ற சின்ன உருவத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். இருவரும் தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார்கள். முதல் கோப்பை முடியும்வரை அம்மாவே பேசினார். பிறகு அண்ணன் ஏதோ சொல்லத் தொடங்கி நின்றார். அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார். எங்கள் இருக்கைகளில் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அண்ணன் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார், அம்மா சிரித்தார், இரண்டாவது கோப்பைக்குப் பொத்தானை அழுத்தினார்.