வீராயியின் காவல்

வீராயி பொல்லாதவள் என்றுதான் ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை என்று மருமகள் அஞ்சலாட்சியை ஒதுக்கிவிட்டு, மகன் முருகையனுக்குத் தை மாதத்தில் காலாப்பட்டுப் பெண்ணைக் கட்டிவைக்கப் பேசி முடித்தவளை வேறு எப்படி நினைப்பது? அஞ்சலாட்சி தாய் வீட்டுக்குப் போகத் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். 1978 அது. நான் புதுச்சேரியில் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முருகையன் மில் தொழிலாளி. ஒருநாள் தனியாக வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டான்.

“நர்ஸம்மா, கொற எனக்குத்தான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. அப்பதான் காலாப்பட்டுக்காரங்க பொண்ணு குடுக்க மாட்டாங்க.”

அவனவன் பரிசோதனைக்குக் கூப்பிட்டாலே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடுவான். இவன் இல்லாத குறையைக் கேட்டு வாங்க வந்திருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவனை நன்றாகத் திட்டிவிட்டு, இருவரையும் டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஏன் என்று குடைந்ததில்தான் விஷயம் வந்தது. விலக்கு முடிந்து அஞ்சலாட்சி தலைக்குக் குளித்ததும் மூன்றே நாள்தான் இருவரும் சேர்ந்திருப்பார்களாம். அதற்குள் கரு தங்கிவிடும், அப்புறம் புருஷன் பக்கத்தில் போனால் கலைந்துவிடும் என்பது வீராயியின் நம்பிக்கை. நான்காம் நாளிலிருந்து மருமகள் மாமியார் பக்கத்தில் படுக்க வேண்டும். மகன் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வான். அடுத்த விலக்கு வரும்வரை இப்படியே.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

“எனக்கு மூணு கலைஞ்சிது நர்ஸம்மா,” என்றாள் வீராயி. “நாலாவது தங்குனதும் எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டேன். அதான் முருகையன் பொழச்சான். அந்த நோவு இவளுக்கு வரக் கூடாதுன்னுதான் பாத்துக்கினேன். இவள நான் தொரத்தல. ஆனா வம்சம் வேணுமில்ல?”

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். குளித்த கையோடு கரு தங்கிவிடாது. பெண்ணின் முட்டை பெரும்பாலும் அடுத்த விலக்குக்கு இரண்டு வாரம் முன்னால்தான் வரும். வந்தால் ஒருநாள் இருக்கும். ஆணின் உயிரணு நாலைந்து நாள் தாங்கும், அவ்வளவுதான். சரியாக அந்த நாட்களில்தான் இவர்கள் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். கலைவதும் புருஷன் பக்கத்தில் படுத்ததால் இல்லை, பெரும்பாலும் அந்தக் கருவிலேயே கோளாறு இருக்கும். இதையெல்லாம் இரண்டு தடவை சொன்னேன்.

வீராயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஆறு வருசமா நான்தான் தடுத்தனா?”

அஞ்சலாட்சி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். வீராயி எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துக் கதிர்காமத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். மறுநாளே காலாப்பட்டுக்கு ஆள் அனுப்பிப் பேச்சை முறித்தாள்.

உடனே நாள் தள்ளிப்போயிற்று என்று கதை விட மாட்டேன். நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் நான் கும்பிடாத சாமி இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. வீராயி வந்தாள், ஆனால் வார்டு வாசலைத் தாண்டவில்லை. கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

“நான் தொட மாட்டேன் நர்ஸம்மா. எந்த மூஞ்ச வச்சிக்கினு தொடுவேன்?”

அது உள்ளே கேட்டுவிட்டது. நான் தடுக்கத் தடுக்க அஞ்சலாட்சி எழுந்து, சுவரைப் பிடித்தபடி வாசல்வரை நடந்து வந்து, குழந்தையை மாமியார் கையில் வைத்தாள்.

“ஆறு வருசமா ராவெல்லாம் என் வயித்து மேல கைய வச்சிக்கினே தூங்குனீங்களே அத்த, இவளுக்காகத்தான? புடிங்க. எனக்குத் தூக்கமா வருது.”