மொன்ஜியா வேனின் சிவப்பு விளக்கு

தாலா என்ற மலையூரின் வேன் ஸ்டாண்டில் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண் டிரைவர் மொன்ஜியா. கடற்கரைப் பக்கம் ஒரு தையல் ஆலையில் ஜீன்ஸுக்குப் பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். ஆலையை மூடிவிட்டார்கள். மலைக்குத் திரும்பி வந்தபோது வீட்டு முற்றத்தில் தம்பியின் பழைய டீசல் வேன் நின்றுகொண்டிருந்தது. அவன் இத்தாலிக்குப் போனதிலிருந்து சப்பாத்திக்கள்ளி வேலியோரம் கிடந்த அந்த வேனில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழிகளை விரட்டிவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினாள்.

ஸ்டாண்டில் அவளுக்கு யாரும் முறை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் பிறர் ஏற்றத் தயங்கியவர்களை ஏற்றினாள். காஸரின் என்ற நகரத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறவர்களைத்தான். திரும்பும்போது அவர்களுக்கு மயக்கம் வரும், வாந்தி வரும். மொன்ஜியா சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டாள். வாரத்தில் மூன்று நாள் அதே பாதை, அதே முகங்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியத் தொடங்கியது. பளிச்சென்று எரியவில்லை, அணையப்போகும் கங்கு மாதிரி மங்கலாக. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஊரில் வண்டி எலெக்ட்ரிக் வேலைக்குப் பேர்போன லஸ்ஹர் அதைக் கழற்றி, தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்களை மாற்றி, பெல்ட்டையும் இறுக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் விளக்கு மறுபடியும் வந்துவிட்டது.

"வண்டியக் கொண்டுபோயி கோழிங்ககிட்டயே குடுத்துரு மொன்ஜியா!" என்று ஸ்டாண்டிலிருந்து ஒருவன் கத்தினான்.

"குடுக்கறேன். அதுங்களாவது உன்ன விட நல்லா ஓட்டும்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலை மழையும் பனித்துகளுமாகக் கொட்டியது. முன்சீட்டில் தீஜானி, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதைப் பார்த்தாலும் முணுமுணுப்பார். பின்னால் கம்பளி நெய்யும் ராபிஹாவும் இன்னும் மூன்று பேரும். மலை வளைவில் ஏறும்போது விளக்கு திடீரென்று செக்கச்செவேலென்று எரிந்தது. வைப்பர் தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல நகர்ந்தது.

"நின்னுருமா பொண்ணே?" என்றார் தீஜானி.

"எஞ்சின் ஓடற வரைக்கும் ஓடும் சித்தப்பா. அணைச்சா திரும்பக் கிளம்பாது. அதனால நிறுத்தவே மாட்டேன்."

"முந்தாநாள் உறவுக்காரங்க கல்யாணத்துக்குப் போயி டயாலிசிஸ் மெஷின விட்டவ நான்" என்றாள் ராபிஹா. அவள் கால்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. "இன்னிக்கும் விட்டுட்டா எனக்கு மூச்சு முட்டிரும் மொன்ஜியா."

மொன்ஜியா ஹீட்டரை அணைத்தாள். ரேடியோவை அணைத்தாள். குளிர் உடனே உள்ளே புகுந்தது. ராபிஹா தான் விற்கக் கொண்டுவந்த கம்பளியை விரித்து எல்லோர் மடியிலும் போட்டாள்.

தீஜானி விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தார். "இங்க பாரு. ஹீட்டர அணைச்சதும் இந்தச் சனியன் கொஞ்சம் மங்கிருச்சு."

"என்ன சொன்னீங்க?"

"மங்கிருச்சுன்னு சொன்னேன். கண்ணு எனக்கு இன்னும் போகல."

மொன்ஜியா ஒரு கணம் ஹீட்டரைப் போட்டாள். சிவப்பு ஏறியது. அணைத்தாள். இறங்கியது. ஆல்டர்னேட்டர் செத்தே போயிருந்தால் இப்படி ஏறி இறங்காதே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைப் பிடித்துவைத்துக்கொண்டு, வைப்பரை வளைவுகளில் மட்டும் ஓடவிட்டு, மெதுவாகக் காஸரின் வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில், சரிவைப் பார்த்து வேனை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. ராபிஹாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டு வரும்வரை தீஜானி வண்டியைக் காத்தார். பிறகு அவரும் முணுமுணுத்துக்கொண்டே தன் படுக்கைக்குப் போனார்.

மழை விட்டிருந்தது. மொன்ஜியா வோல்ட் அளக்கும் தன் சின்ன மீட்டரை எடுத்தாள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். எஞ்சின் ஓடும்போது பதினான்கு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் காட்டியது. கை பெல்ட்டில் படாமல் ஆல்டர்னேட்டரின் முதுகிலிருந்த திருகில் வைத்தாள். பதினாலரை. நம்பாமல் மறுபடியும் வைத்தாள். அதேதான். லஸ்ஹருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் குடுக்குது. பேட்டரிக்குத்தான் வந்து சேரல."

லஸ்ஹர் நெற்றியில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "அட கடவுளே. நான் ஆல்டர்னேட்டரோடயே நின்னுட்டேன் தாயி, ஒயர் வழியா வந்து பாக்கல. நடுவுல எங்கயோ அடைப்பு. விளக்குக்கு ஒரு கால் ஆல்டர்னேட்டர் பக்கம், ஒரு கால் பேட்டரி பக்கம். ரெண்டுக்கும் வோல்ட்டுல வித்தியாசம் இருக்கப்போய்தான் எரியுது. தடிச்ச செவப்பு ஒயரப் புடிச்சிக்கிட்டே போ. எங்க சுடுதோ அங்க நில்லு."

அவள் ஒயரைத் தொட்டுக்கொண்டே போனாள். முன்சக்கரத்துக்கு மேலே, ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அந்த ஒயர் ஃப்யூஸில் வந்து சேரும் இடம் விரலைச் சுட்டது. மூடியைத் திறந்தாள். திருகு தளர்ந்து, பித்தளை முழுக்கப் பச்சைப் பொடி பூத்திருந்தது.

"கெடைச்சிருச்சு அண்ணே!"

"எஞ்சின அணை. மொதல்ல பேட்டரியோட மைனஸக் கழட்டு. அப்புறமாத் தொடு."

எஞ்சினை அணைத்து, மைனஸைக் கழற்றினாள். இது சரியாகாவிட்டால் ஐந்து பேரையும் ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. உப்புத்தாளால் பித்தளை பளபளக்கும்வரை தேய்த்தாள். முனையை மாட்டி, திருகை இறுக்கி, பேட்டரியை இணைத்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சோம்பலாக ஒரு முறை உறுமி அடங்கியது. அவ்வளவுதான் பேட்டரியில் மிச்சம். ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாள். வேன் சரிவில் உருண்டது. இரண்டாம் கியரில் கிளட்சை விட்டாள். ஒரு குலுக்கல், ஒரு கரும்புகை, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

விளக்கு அணைந்திருந்தது. ஹீட்டரைப் போட்டாள், வைப்பரைப் போட்டாள், ஹெட்லைட்டைப் போட்டாள். எதற்கும் அந்தச் சிவப்பு எரியவில்லை. இறங்கிப்போய் மீட்டரை வைத்தாள். பதினாலு புள்ளி இரண்டு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஆலையை மூடிய அன்றுகூட அழாதவள் பானெட்டில் தலையைச் சாய்த்து அழுதாள்.

மதியம் எல்லோரும் வெளியே வந்தார்கள். ராபிஹாவின் முகம் தெளிந்திருந்தது. தீஜானி கோட்டுப் பையில் எதையோ மறைத்தார்.

"ஆரஞ்சுதான அது? டாக்டர் வேணாம்னு சொன்னாரா இல்லையா?" என்று ராபிஹா அதட்டினாள்.

"மோந்து பாக்கத்தான் வாங்கினேன், மகாராணி. மோந்து பாக்கவும் தடையா?"

விளக்கு மங்கியதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று ஊர் போய்ச் சேரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் மறுக்கவில்லை.

வசந்தத்தில் லஸ்ஹர் மொன்ஜியாவைக் கூப்பிட்டனுப்பினார். "எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஆஸ்பத்திரி ட்ரிப் இல்லாத நாள்ல பட்டறைக்கு வாயேன். உனக்குப் பொறுமை இருக்கு."

"வரேன் அண்ணே. ஆனா சும்மா வரமாட்டேன். போர்டுல எம் பேரும் இருக்கணும்."

லஸ்ஹர் தாடையைச் சொறிந்தார். "ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வண்டி நின்னுபோச்சுன்னா இங்கதான வரணும்."

மறு வாரமே பெயின்டர் ஏணியைச் சாத்தினான். லஸ்ஹர் பெயருக்குப் பக்கத்தில் போதிய இடமில்லாததால் மொன்ஜியாவின் பெயரைக் கீழே தனி வரியில், கொஞ்சம் பெரிதாகவே எழுத வேண்டியிருந்தது. அவன் கடைசி எழுத்தை முடிக்குமுன் ஸ்டாண்டிலிருந்து ஒரு வேன் இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. கோழிகளைப் பற்றிப் பேசியவன்தான் இறங்கினான்.

"அக்கா, செல்ப் எடுக்க மாட்டேங்குது. தள்ளித்தான் கிளப்பினோம். கொஞ்சம் பாக்கறீங்களா?"

மொன்ஜியா கையைத் துடைத்துக்கொண்டு மீட்டரை எடுத்தாள். "பானெட்டத் தொற தம்பி."